பகலில் முற்றம், இரவில் பெட்டி

தாராக்குஞ்சு வளர்ப்புக் கையேடுகளில் ஒரு வெப்ப அட்டவணை தவறாமல் இருக்கும். அமெரிக்காவின் லோங் ஐலண்டில் கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்திய தாரா ஆய்வகத்தின் அட்டவணை முதல் நாளில் 30 பாகை செல்சியஸில் தொடங்குகிறது. படிப்படியாகச் சூட்டைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் 13 பாகையில் நிறுத்தச் சொல்கிறது. களுபோவிலவில் இந்த அட்டவணையை யாராலும் கடைசிவரை பின்பற்ற முடியாது. ஜனவரி அதிகாலையிலும் கொழும்பில் வெப்பநிலை 22 பாகையை ஒட்டியே நிற்கிறது. நண்பகலில் 30ஐ எட்டிவிடுகிறது.

வெப்பமானியை மட்டும் நம்பினால் மூன்றாவது வாரத்திலேயே குஞ்சுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வளவில் விட்டுவிடலாம் என்று தோன்றும். வீட்டில் தாரா வளர்ப்பவர்கள் அதிகம் குஞ்சு இழப்பதும் அந்த நாட்களில்தான். விடிந்ததும் எண்ணிப் பார்த்தால் இரண்டு குறைந்திருக்கும். அல்லது இரவு பெய்த மழையில் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கி, நனைந்து விறைத்துக் கிடக்கும். குளிர்நாட்டுக் கையேடு பனிக்குப் பயந்து எழுதப்பட்டது. கொழும்பில் பயப்பட வேண்டியது மழைக்கும் இரவில் மதிலேறி வருகிற பிராணிகளுக்கும். ஆகவே இங்கே இந்த இடமாற்றத்துக்கு இரண்டு திகதிகள் தேவை. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஒரு மாதத்துக்கு மேலும் இடைவெளி விழலாம்.

களுபோவில என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை. அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் ஆறு பேர்ச்சஸ், எட்டு பேர்ச்சஸ் காணிகளில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பின்பக்கத்தில் ஒரு துண்டு முற்றம், ஒரு தென்னை, உடுப்புக் காயப்போடும் கொடி. இப்படிப்பட்ட இடத்தில் முட்டைக்காக நாலைந்து பறவைகள் வளர்க்கும் எண்ணம் புதிதல்ல. ஆனால் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி அதற்கு ஒரு அவசரத்தைக் கொடுத்தது. அந்த ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னது. அதே ஆண்டு மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டதையும் மறக்க முடியாது. மின்குமிழின் சூட்டில் வளரும் குஞ்சுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் வெளியே விடும் நேரம் பிடிபடும். சாதாரணத் தாரா முட்டை 28 நாளில் பொரிக்கும். மஸ்கோவி இனத்துக்கு 35 நாள். பொரித்த குஞ்சின் மேல் இருப்பது மென்மயிர் மட்டுமே. தன் உடல் சூட்டைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள அதனால் முடியாது. இந்தியாவில் பின்பற்றப்படும் வழிகாட்டிகள் முதல் வாரத்தில் 29 முதல் 32 பாகை சூடு கொடுத்து, வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைத்து, நான்காவது வாரத்தில் 24 பாகைக்குக் கொண்டுவரச் சொல்கின்றன. 24 பாகை என்பது கொழும்பின் சாதாரண இரவு. லோங் ஐலண்ட் கணக்கைவிட இது நமக்குப் பொருந்துகிறது. முதல் வாரத்திலும் நண்பகலில் விளக்கை அணைத்துவிடலாம். இரண்டாவது வாரத்தில் மின்குமிழ் அதிகாலைக்கு மட்டும் போதும். குஞ்சுகளின் படுக்கையைப் பார்த்தாலே கணக்கு விளங்கும். விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர். விளக்கை விட்டு ஓரங்களில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு. பெட்டி முழுக்கப் பரவிப் படுத்திருந்தால் சரியான அளவு.

கோழிக்குஞ்சு வளர்த்துப் பழகியவர்களைத் தாராக்குஞ்சு திகைக்க வைப்பது ஈரத்தால். தீனியை ஒரு வாய் எடுக்கும், உடனே தண்ணீருக்கு ஓடும், அலகை அலசும், திரும்பும். குடித்ததைவிடக் கொட்டியது அதிகம். எச்சமும் தண்ணீராகவே போகும். காட்போட் பெட்டி இரண்டு நாளில் ஊறிப்போகும். உமியும் மரத்தூளும் நனைந்து, அமோனியா வாடை கண்ணை எரிக்கும். நனைந்த படுக்கையில் பூஞ்சணம் பிடிக்கும். வளர்ச்சியும் வேகம். இறைச்சிக்கான பீக்கின் இனம் பொரிக்கும்போது 50 கிராம் அளவில் இருந்து, ஏழு வாரத்தில் மூன்று கிலோவைத் தொட்டுவிடும். முட்டைக்கு வளர்க்கும் காக்கி கேம்பல் சிறியது என்றாலும், இரண்டாவது வாரத்தில் அதற்கும் பெட்டி போதாது. கொழும்பின் ஈரக் காற்றில் இன்னும் இரண்டு வாரம் உள்ளேயே அடைத்து வைப்பது பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. நோய் அந்த ஈரத்திலிருந்துதான் கிளம்புகிறது. பகல் திகதி சீக்கிரம் வரவேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

பத்துப் பன்னிரண்டு நாள் ஆன குஞ்சுகளை, மழை இல்லாத நாளில், வெயில் ஏறியதும் ஒரு மணித்தியாலம் புல்லில் விடலாம். நிழல் வேண்டும். காலுக்குக் கீழே தரை காய்ந்திருக்க வேண்டும். மேலே வலை வேண்டும். முதல் நாள் ஒரு மணித்தியாலம், பிறகு அரை நாள், மூன்றாவது வாரத்தில் காலையிலிருந்து மாலை நாலரைவரை. பிறகு பழையபடி பெட்டிக்கு. பெட்டி நாள் முழுக்கக் காய்ந்து கிடப்பதால் இரவுக்கு அது புதிய இடம்போல இருக்கும்.

வேலைக்குப் போகிற வீட்டில் இது தொல்லைதான். ஆனால் இந்தச் சில வாரத் தொல்லையைத் தவிர்க்கப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் குஞ்சுகளை இழக்கிறார்கள்.

மழைக்கு வருவோம். தாயோடு வளரும் தாராக்குஞ்சு பொரித்த மறுநாளே தண்ணீரில் இறங்கி நீந்துகிறதே, மழை அதை என்ன செய்யும் என்று கேட்கலாம். தாயின் இறகுகளில் ஊறிய எண்ணெய் குஞ்சின் மென்மயிரிலும் ஒட்டிக்கொள்கிறது. நீந்தி வந்ததும் தாய் தன் சிறகுக்குள் வாங்கிக் காய வைக்கிறது. இன்கியுபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு இந்த இரண்டும் இல்லை. வாலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை அலகால் நெருடி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பழக்கம் அதற்கும் உண்டு. ஆனால் பூசிய எண்ணெய் பலன் தர இறகு முளைத்திருக்க வேண்டும். அதுவரை மென்மயிர் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். 26 பாகை இரவிலும், கொஞ்சம் காற்று அடித்தால், நனைந்த குஞ்சு குளிரில் செத்துப்போகும்.

இறகு முளைக்கும் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. மூன்றாவது வாரமளவில் தோளிலும் வாலிலும் இறகு குத்தத் தொடங்கும். மார்பும் வயிறும் அடுத்தடுத்து மூடும். குளத்தில் மிதக்கும் பறவைக்குத் தண்ணீர் படும் பக்கம் முதலில் மூடுவது இயற்கை. முதுகும் சிறகின் நீண்ட இறகுகளும் கடைசியில் வரும். முழுதாக மூட ஏழு முதல் ஒன்பது வாரம் ஆகும். மழை விழுவது முதுகில். நாலாவது வாரத்தில் குஞ்சைத் தூக்கி வயிற்றைத் தடவி, இறகு வந்துவிட்டது என்று திருப்திப்பட்டு இரவு வெளியே விடுகிறவர்கள் முதுகைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். விரலில் தண்ணீர் தொட்டு முதுகில் தெறித்துப் பார்க்கலாம். துளி உருண்டு விழுந்தால் சரி. ஊறி உள்ளே போனால் இன்னும் நாளாகும்.

இதையெல்லாம் மழைக்காலத்தைப் பார்த்தே தொடங்குவது நல்லது. கொழும்பில் ஒக்டோபரும் நவம்பரும் மாதத்துக்கு 300 மில்லிமீற்றருக்குக் குறையாமல் கொட்டுகிற மாதங்கள்; பெப்ரவரியில் அதில் கால்வாசிதான். டிசம்பர் தொடக்கத்தில் முட்டையை அடைக்கு வைத்தால் புதுவருடத்தோடு பொரிக்கும். தைப்பொங்கலை ஒட்டிப் பகலில் முற்றத்துக்கு வரலாம். சித்திரை, வைகாசி மழை பலக்கும் முன்னே முதுகு மூடிவிடும். கேரளத்தின் குட்டநாட்டில் தாரா வளர்ப்பவர்கள் நெல் அறுவடையைக் கணக்கிட்டே முட்டையை அடைக்கு வைக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்ன, வளர்ந்த குஞ்சுகள் அந்த நேரத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆரணி, கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து மந்தையோடு ஊர் ஊராகப் போகும் தாரா மேய்ப்பர்களின் வாழ்க்கையும் அறுவடையைப் பின்தொடர்வதுதான். பகல் முழுவதும் திறந்த வயலில் மேய்ந்த மந்தையை மாலையில் நைலோன் வலையால் அடைத்து, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். இரவுக்கு ஆள்காவல் என்பது அவர்களுக்கு விவாதத்துக்கு உரிய விஷயமே இல்லை.

ஜப்பானின் ஃபுகுஓகா மாகாணத்து விவசாயி தகாஓ ஃபுருனோவின் அனுபவமும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 1988இல் அவர் நெல்வயலில் தாராக்குஞ்சுகளை விட்டுக் களையையும் பூச்சியையும் கட்டுப்படுத்தும் முறையைத் தொடங்கினார். நாற்று நட்ட ஓரிரு வாரத்தில், சின்னஞ்சிறு குஞ்சுகள் வயலில் இறங்குகின்றன. ஆயிரம் சதுர மீற்றருக்குப் பதினைந்து, இருபது என்ற அளவில். வயலில் விடுவதற்கு முன்பே சிறிது சிறிதாகத் தண்ணீருக்குப் பழக்கிவிடுகிறார்கள். ஃபுருனோவின் தொடக்க ஆண்டுகளைக் கெடுத்தது குளிரும் அல்ல, தண்ணீரும் அல்ல, நாய்கள். வயலைச் சுற்றி மின்வேலி போட்ட பிறகே அந்த முறை நின்று பிடித்தது. இன்று ஆசிய நாடுகள் பலவற்றில் அதைப் பின்பற்றுகிறார்கள்.

களுபோவிலவில் நாயை மட்டும் எண்ணினால் போதாது. சில கிலோமீற்றர் தூரத்தில், 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெல்லன்வில - அத்திடிய சதுப்புநிலம் இருக்கிறது. 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றதற்குக் காரணமான ஈரநிலங்கள் நகரத்தைச் சுற்றி இன்னும் உயிரோடு இருக்கின்றன. அது இந்த நகரத்தின் பாக்கியம். அந்த ஈரநிலத்து உயிர்களுக்குக் கால்வாய்களும் கான்களும்தான் பாதை. அவை வீட்டுப் பின்வளவுவரை வருகின்றன. கபரகொய்யா நீந்தி வந்து பட்டப்பகலில் கரையேறும். கீரிப்பிள்ளையும் பகலில்தான் வரும். காகத்தைச் சொல்லவே தேவையில்லை. ஒரு வாரக் குஞ்சை அலகில் கவ்விக்கொண்டு பறந்துவிடும். மூன்று வாரக் குஞ்சைத் தூக்க முடியாவிட்டாலும் கொத்திக் காயப்படுத்தும். இருட்டியதும் வேறு கூட்டம். சீலிங்குக்கு மேலே குடியிருக்கும் மரநாய், கானிலிருந்து வரும் பெருச்சாளி, பக்கத்து வீட்டுப் பூனை, தெருநாய். கொழும்பின் சதுப்புநிலங்களில் மீன்பிடிப் பூனையும் வாழ்கிறது. அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அரிய விலங்கு. அதைப் பிடிக்கவோ விஷம் வைக்கவோ யாரும் நினைக்கக்கூடாது. இவற்றோடு சண்டை போடத் தேவையில்லை. கூட்டை ஒழுங்காகக் கட்டினால் போதும்.

ஹாட்வெயார் கடையில் கோழி வலை என்று கேட்டால் கொடுக்கும் அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கம்பிவலை குஞ்சு வெளியே போகாமல் தடுக்கும். பெருச்சாளியை உள்ளே வராமல் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, ஒட்டிய கம்பிவலைதான் தேவை. விலை கூடத்தான். முழுக் கூட்டுக்கும் முடியாவிட்டால் கீழே இரண்டு அடி உயரத்துக்காவது அதைப் போட்டு, மேலே பெரிய கண் வலையைப் போடலாம். தோண்டி வருபவற்றுக்காக வலையின் அடியை வெளிப்பக்கமாக மடக்கி, ஒரு அடி அகலத்துக்கு மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கூரை கட்டாயம். கூரைத் தகரம் சுவரைத் தாண்டி ஒன்றரை அடியாவது நீண்டிருந்தால்தான் சாரல் உள்ளே அடிக்காது. காற்று மேல்பாதியால் போய்வர வேண்டும். குஞ்சு படுக்கும் உயரத்தில் காற்று நேரே அடிக்கக்கூடாது. வாசலுக்குக் கொளுக்கி போதாது, தாழ்ப்பாள் போடவேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை, இரவுக் கூட்டில் ஒரு வளர்ந்த தாராவுக்கு இரண்டு மூன்று சதுர அடி, பகலில் உலாவ பத்துப் பதினைந்து சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. ஐந்து தாராவுக்கு மொத்தம் தொண்ணூறு சதுர அடி. ஆறு பேர்ச்சஸ் காணி என்பது ஏறக்குறைய 1,630 சதுர அடி. வீடு போக மிஞ்சும் பின்முற்றத்தில் இது அடங்கும். பத்து வளர்க்க ஆசைப்பட்டால் முற்றம் சேறாகிவிடும்.

தண்ணீருக்கு வந்தால், குளம் இல்லாமல் தாரா வளராது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. வளரும். குஞ்சாக இருக்கும்போது குடிக்கும் பாத்திரம் இரண்டு மூன்று அங்குல ஆழம் இருந்தால் போதும். அலகும் மூக்குத் துவாரமும் நனைய வேண்டும், உடம்பு இறங்கக்கூடாது. மூன்றாவது வாரத்தில், வெயில் உள்ள நண்பகலில், ஒரு பேசினில் நாலு அங்குலத் தண்ணீர் வைத்து, ஏறி இறங்க ஒரு செங்கல்லும் போட்டு, ஆள் பக்கத்தில் நிற்கப் பத்து நிமிடம் விடலாம். வளர்ந்த பிறகு முழங்கை அளவு அகலமும் ஆறேழு அங்குல ஆழமும் உள்ள ஒரு தொட்டி போதுமானது.

அந்தத் தொட்டியை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது கொழும்பில் தாராவின் நலனுக்காக மட்டுமல்ல. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருகும் இடத்தை வளவில் வைத்திருப்பது குற்றம். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சட்டித் தட்டையும் பார்ப்பார், தாராத் தொட்டியையும் பார்ப்பார். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரமளவு ஆகும். ஆகவே தினமும் மாற்றும் தண்ணீரில் ஆபத்தில்லை. கொட்டும் தண்ணீரை வாழைக்கும் கங்குன் பாத்திக்கும் விடலாம், நல்ல உரம்.

தீனி விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள் போதும். கோழிக்குஞ்சைவிடத் தாராக்குஞ்சுக்கு நியாசின் என்ற பி வகை விற்றமின் அதிகம் தேவை. வெறும் கோழித்தீனில் வளரும் குஞ்சு கால் வளைந்து, எழும்ப முடியாமல் போகலாம். சிறிது ஈஸ்ட் கலந்து கொடுப்பது பழைய, பலன் உள்ள வழி. இரண்டாவது, பூஞ்சணம். நனைந்த சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வளரும் பூஞ்சணத்தின் நச்சான அஃப்லாடொக்சின், வீட்டுப் பறவைகளில் தாராக்குஞ்சைத்தான் மிக விரைவாகக் கொல்கிறது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சமளவில் செத்து விழுந்தபோதுதான் இந்த நச்சையே உலகம் அறிந்தது. அந்த ஆண்டு தாராக்குஞ்சுகளும் செத்தன. தண்ணீரில் குழைத்த தீனியைத் தாரா விரும்பும், அது சரிதான். ஆனால் காலையில் குழைத்தது மாலையில் தட்டில் இருக்கக்கூடாது. முற்றத்தில் நத்தைக்கு மருந்துக் குளிகை போட்டிருந்தால் அங்கே குஞ்சை இறக்கவே வேண்டாம். நத்தையைத் தாராவே பார்த்துக்கொள்ளும்.

முதுகு மூடி, கூடும் தயாராகி, அந்த வாரத்தில் கனமழை எதிர்பார்ப்பும் இல்லையென்றால் இரவு திகதியைக் குறிக்கலாம். எல்லாக் குஞ்சையும் ஒரே நாளில் மாற்றவேண்டும். பொரித்த முதல் நாளிலேயே கண்ட உருவத்தைப் பின்தொடரும் இயல்பு தாராக்குஞ்சுக்கு உண்டு. விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் இதை 1930களில் ஆராய்ந்து விளக்கினார். பிற்காலத்தில் நோபல் பரிசும் பெற்றார். கூட்டத்தோடு ஒட்டி நிற்பதுதான் அதன் பாதுகாப்பு உணர்வு. ஒன்றைப் பிரித்தால் இரவு முழுக்கக் கத்தும். பெட்டியில் இருந்த அதே தண்ணீர்ப் பாத்திரம், அதே தீனித் தட்டு, பழைய படுக்கையில் காய்ந்த ஒரு பிடி எல்லாம் புதிய கூட்டுக்குப் போகட்டும். காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. தாராவின் கால் எளிதில் முறியும். வயிற்றின் கீழ் கை கொடுத்துத் தூக்கலாம். அதைவிட நல்லது, இரண்டு கையையும் அகல விரித்துப் பின்னால் நடந்து மந்தையாக ஓட்டிப் போவது. முதல் சில இரவுகள் கூட்டுக்குள் மங்கலான சிறு வெளிச்சம் இருந்தால் நல்லது. இருட்டில் வெருண்டால் தாராக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொள்ளும். நடுச்சாமத்தில் மழை பெய்தால் எழுந்து போய்ப் படுக்கை நனைகிறதா என்று ஒரு முறை பார்ப்பது முதல் வாரத்துக்காவது அவசியம்.

வெளியே வந்த பறவை வெளியுலக நோய்களுக்கும் ஆளாகும். 2014 நவம்பரில் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பரவியபோது லட்சக்கணக்கான தாராக்களை அழிக்க நேர்ந்தது. அத்திடிய சதுப்புக்குக் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றின் எச்சம் விழும் இடத்தில் தீனியும் தண்ணீரும் வைக்காதிருப்பதும், காகமும் கொக்கும் தட்டில் வாய் வைக்காதபடி வலைக்குள் தீனி வைப்பதும் அதனால்தான். தாராக் கொள்ளைநோய்த் தடுப்பூசி வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் போடப்படுகிறது. எந்த ஊசி எப்போது என்பதைப் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். பார்வைக்கு ஆரோக்கியமான குஞ்சும் சல்மொனெல்லாக் கிருமியைச் சுமந்திருக்கலாம்.

ஏறக்குறைய இரண்டாவது மாதத்தில் கீச்சுக் குரல் உடையும். பெட்டைக்கு உரத்த சத்தம் வரும், ஆணின் குரல் கரகரத்து அடங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய ஒழுங்கையில் பக்கத்து வீட்டாரிடம் பேசவேண்டியது அதற்கு முன்பே. ஐந்தில் ஆண் ஒன்று போதும், முட்டைக்கு மட்டும் என்றால் அதுவும் தேவையில்லை. மஸ்கோவி இனம் கிட்டத்தட்டச் சத்தமே போடாது. ஆனால் முட்டை குறைவு. புதுவருடத்தில் பொரித்த காக்கி கேம்பல் வைகாசி, ஆனியளவில் முட்டையிடத் தொடங்கும். தாரா அநேகமாகக் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு முடித்துவிடும். அதுவரை கூட்டைத் திறக்காமல் வைத்தால் முட்டை கானுக்குள்ளோ மதிலோரப் பற்றைக்குள்ளோ போகாமல் கையில் கிடைக்கும்.